ராமநாதபுரம் மாவட்டக் கோயில் விழாக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கு வணக்கம்.

ஆடி, ஆவணியில் முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் மேசை போட்டு மனநலம் பற்றிப் பேசும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. கேட்டால் இடம் தருகிறீர்கள், நன்றி. ஆனால் ராட்டினத்துக்கும் அப்பால், இருட்டான மூலையில் தருகிறீர்கள். அங்கே ஒருவர் தனியாக நடந்து வந்தாலே, அந்த வீட்டில் யாருக்கோ ஏதோ என்று ஊர் பேசிவிடும். அதனால் யாரும் வருவதில்லை.

நீர்மோர்ப் பந்தலை ஒட்டி இடம் கொடுங்கள். மோர் வாங்குகிற சாக்கில் நிற்பார்கள். அப்படி நின்ற ஓர் அக்கா, எங்கள் நோட்டீஸை நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்தபடி, "நாத்தனா மகளுக்குத் தூக்கமே இல்லம்மா, தனியாப் பேசுது. மந்திரிச்சுக் கயிறு கட்டியும் கேக்கல" என்றார். டாக்டரிடம் காட்டலாமே என்றோம். "காட்டலாம். தெரிஞ்சா யாரு பொண்ணு கேட்டு வருவா?" என்று கேட்டுவிட்டு, டம்ளரை வைக்காமல் அப்படியே நின்றார். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரத்தில் போன் போட்டாலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இவ்வளவும் இருந்தும் அந்த ஒரு கேள்விதான் வாசலை மறிக்கிறது. அதற்கு எங்களைவிட நீங்கள் சொல்லும் பதிலைத்தான் ஊர் கேட்கும்.

2001 ஆகஸ்ட் 6. அதுவும் ஆடி மாதம்தான். நம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் செத்தார்கள். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதையே தடை செய்துவிட்டது. அதே ஏர்வாடி தர்காவில் இன்று துவாவோடு மருந்தும் கொடுக்கிறார்கள். வேண்டுதலை விடச் சொல்லி நாங்களும் யாரையும் கேட்பதில்லை. கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. ஊரே கோயிலில் இருக்கும் நாளில், சுகமில்லாத பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருகிற வீடுகள் இருக்கின்றன. கூட்டத்தில் ஏதாவது செய்துவிட்டால் அசிங்கம் என்று பயம். "அவங்களையும் கூட்டிட்டு வாங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கும்போது இடையில் அரை நிமிடம் போதும். கும்மி கொட்டுகிற வட்டத்தில் அந்தப் பெண்களுக்கும் இடம் இருக்கிறது. துணைக்கு நிற்க எங்கள் ஆட்கள் வருவார்கள்.

கமிட்டித் தலைவரும் பூசாரியும் பத்து நிமிடம் எங்கள் மேசையில் வந்து உட்கார வேண்டும். பேசக்கூட வேண்டாம். நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் அடுத்து உட்கார எவரும் கூசமாட்டார்கள்.

காப்புக் கட்டுவதற்கு முந்தைய வரிக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுங்கள். நேரில் வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து ஊர்த் தன்னார்வலர் ஒருத்தி