தலை குனிய விட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் குதிரைகள் மல்லியும் முத்துவும் ஊட்டிக்கு வந்து சேர்ந்து இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. இரண்டும் நலம். பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் போனிலும் விசாரித்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இரண்டும் நெதர்லாந்தில் பிறந்தவை, இரண்டு வயது. எங்கள் சவாரிப் பள்ளிக்காக ஆறு வருடச் சேமிப்பு, கொஞ்சம் கடன், நிறைய அப்பாவின் பிடிவாதம் எல்லாம் சேர்த்து வாங்கினோம். பண்ணையிலிருந்து லாரியில் பெல்ஜியத்தின் லியேஜ், அங்கிருந்து சரக்கு விமானத்தில் சென்னை, அப்புறம் மேட்டுப்பாளையம் வழியாக மலை. லியேஜ் விமான நிலையத்தில் குதிரைகளுக்கென்றே தங்குமிடம் இருக்கிறது. அங்கே ஒரு ராத்திரி இளைப்பாற விட்ட பிறகே விமானம் ஏற்றினார்கள்.

முதல் நன்றி, விமானத்தில் கூடவே வந்த அந்த டச்சுக்கார அக்காவுக்கு. இந்த மடலை அவரால் படிக்க முடியாது, நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். குதிரைகளை ஏற்றுகிற பெட்டியில் நெருக்கினால் மூன்று நிற்கும், தாராளமாக விட்டால் இரண்டு. மனிதர்களைப் போலவே அவற்றுக்கும் எகானமி, பிசினஸ் உண்டென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "சின்னக் குட்டிகள், கால் அகட்டி நிற்க இடம் வேண்டும், மூன்றாவதை ஏற்றாதீர்கள்" என்று எங்களிடம் அடித்துச் சொன்னவர் அவர்தான். செலவைக் கேட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விமானம் இறங்கியதும் அவர் அனுப்பிய படத்தைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. மல்லியின் தலை முழங்காலுக்குக் கீழே தொங்கிக் கிடக்கிறது, மூக்கிலிருந்து சளி ஒழுகுகிறது. உடனே போன் போட்டேன். சிரித்தார். அது வெளியே வரத்தான் வழியெல்லாம் தலைக்கயிற்றைத் தளர்த்தியே வைத்திருந்தாராம்.

விஷயம் இதுதான். குதிரைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாது, மூக்கு ஒன்றுதான் வழி. புல்லின் தூசியும் கிருமியும் அந்த வழியாக உள்ளே போகும். மேயும்போது தலை கீழே இருப்பதால் சளியோடு சேர்ந்து எல்லாம் வடிந்துவிடும். பயணத்தில் தலையை உயர்த்திக் கட்டி மணிக்கணக்கில் நிறுத்திவிட்டால் வடிய வழியில்லை, நெஞ்சில் இறங்கிவிடும். பயணக் காய்ச்சல் என்கிறார்கள். நிமோனியாவாக முற்றினால் உயிரே போகும். அதனால்தான் அவர் புல்லைத் தண்ணீரில் நனைத்து, தாழ்வாகக் கட்டி ஊட்டியிருக்கிறார். "தலை குனிஞ்சா நமக்கு அவமானம், குதிரைக்கு ஆயுசு" என்றார் அப்பா. தாத்தா குன்னூர் பக்கத்து வெலிங்டனில் ராணுவக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் 'வேலர்' என்று பெயர் பெற்ற அந்தக் குதிரைகள் கப்பலில் வாரக்கணக்கில் நின்றபடியே வந்தன என்று அவர் சொல்லக் கேட்டே அப்பா வளர்ந்தார்.

தண்ணீர் விஷயத்திலும் அந்த அக்காவின் யோசனைதான். ஊர் மாறினால் தண்ணீர் ருசி மாறும், குட்டிகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதனால் பண்ணையில் இருக்கும்போதே தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்கிவிட்டார்கள். சென்னையிலும் அதே ஜூஸ். வாளியில் மூக்கை விட்டதும் உறிஞ்சும் சத்தம் கேட்டதாம்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. குதிரையை அடையாளம் காண அதன் தோலுக்கடியில் வைக்கும் சிப்பின் எண்ணில் பதினைந்து இலக்கம். காகிதங்களைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட் அதில் ஒன்றை மாற்றி அடித்துவிட்டார். முதல் விமானம் போய்விட்டது, ஒரு வாரம் வீண். பெயர் வேண்டாம். அந்தத் தவறைக் கண்டுபிடித்து, சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து சரிசெய்து தந்த இளைஞருக்கு நன்றி.

சென்னையில் தனிமைப்படுத்தியிருந்த நாட்களில்தான் பெரிய சோதனை. நமக்கு டிசம்பர் சென்னை இதமான குளிர். அவற்றுக்கோ உடம்பெல்லாம் ஐரோப்பியக் குளிர்கால முடி, விரல் மூடுகிற அளவுக்கு. நின்ற இடத்திலேயே வியர்த்துக் கொட்டியது. எங்கள் சைஸ் தம்பி, அதாவது குதிரைகளைப் பராமரிக்கிற பையன், மிஷின் வைத்து இரண்டையும் மழித்தான். நான்கு சாக்கு முடி! காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதி வைத்ததும் அவனே. செல்சியஸில் 37.5 முதல் 38.5 வரை இருந்தால் கவலையில்லை. மூன்றாம் நாள் மாலை மல்லிக்கு 39.1. தீவனமும் பாதி மிச்சம். இருமல்கூட இல்லை, வேறு யாராக இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். அவன் டாக்டரை எழுப்பினான். டாக்டர் அம்மா ராத்திரியே வந்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக் தொடங்கினார். ஐந்தாம் நாள் மல்லி தொட்டியை நக்கிக் காலி செய்தாள். அந்த நோட்டை அப்பா பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

அடுத்து லாரி அண்ணன். வெயில் கூடாதென்று இருட்டிய பிறகே கிளம்பி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்துத் தலையைத் தாழ்த்த விட்டார். குமாரபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் அந்த அகாலத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் தந்தார், காசு வாங்கவில்லை. கல்லாறு தாண்டியதும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். நிற்கிற குதிரைக்குப் பிடித்துக்கொள்ளக் கையில்லை, ஒவ்வொரு திருப்பத்திலும் கால்தான் தாங்க வேண்டும். அண்ணன் நடை வேகத்தில் ஏறினார். பின்னால் ஹாரன் அடித்த கார்க்காரர்களே, உங்களுக்கும் நன்றி, கடைசியில் பொறுத்துக்கொண்டீர்கள்.

மேலே வந்தால் புல்லெல்லாம் உறைபனி! சென்னைக்காக மழித்த உடம்பு, ஊட்டி ஜனவரி. என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல. மார்க்கெட் டெய்லர் பாய் இரண்டே நாளில் கம்பளிப் போர்வை தைத்துத் தந்தார். அளவெடுக்க வந்தவரின் தொப்பியை முத்து கவ்விக்கொண்டது. தொப்பிக்கும் சேர்த்துத்தான் பில் போட்டார், நியாயம்தான்.

கேத்தியிலிருந்து கேரட் மூட்டை அனுப்பிய அக்காமார்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஒரேயடியாகக் கொடுக்க முடியாது, வயிற்றுவலி வந்தால் வாந்தி எடுக்கவும் குதிரையால் ஆகாது. தினமும் கொஞ்சமாகப் போடுகிறோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் லாயத்துக்கு யார் வேண்டுமானாலும் வாருங்கள். கேரட் கொண்டு வந்தால் வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் கீறி, உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். முதலில் மல்லிக்கு, இல்லையென்றால் கதவை உதைப்பாள்.

அன்புடன்,
மல்லி, முத்து வீட்டார்
உதகமண்டலம்