தையல் போட்ட கட்டைவிரலோடு கபடி ஆட விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலை ஒட்டி எங்கள் பகுதியில் நடந்த கபடிப் போட்டியில், கட்டைவிரல் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத இளைஞர் ஒருவரைக் களமிறக்கினார்கள். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்ற உரிமையில் தடுத்துப் பார்த்தேன். "எலும்பிலேயே ஆங்கர் போட்டிருக்கிறார்கள் சார், இனி எந்தக் காலத்திலும் அறாது" என்றார் அணியை நடத்துபவர். இரண்டாம் பாதியில் எதிரணி வீரரின் கணுக்காலைப் பிடித்தபோது அதே விரல் மறுபடியும் வெளிப்பக்கம் மடங்கியது. முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கிப் பிழைக்கும் பிள்ளை அவர்.

ஆங்கர் என்பது எலும்பில் பதிக்கப்படும் சிறு முளை. அதிலிருந்து வரும் நூல், அறுந்த ஜவ்வை எலும்போடு சேர்த்துப் பிடிக்கிறது. முளையும் நூலும் உறுதியானவைதான். நூல் கோத்திருக்கும் ஜவ்வு அப்படியல்ல. நைந்த வேட்டியை நைலான் நூலால் தைத்தால் நூலா அறும்? துணிதான் கிழியும். தைத்த புதிதில் அந்த இடம் இயல்பான ஜவ்வைவிடப் பலம் குறைந்தது. இப்போது சிலருக்கு நூலோடு பட்டையான நாடா ஒன்றையும் வைத்துத் தைக்கிறார்கள். இறந்தவர்களின் கைகளில் செய்த இழுவிசைச் சோதனைகளில், வெறும் தையலைவிட நாடா வைத்தது அதிக விசையைத் தாங்கியிருக்கிறது. அது தைத்த நாளின் பலத்தைத்தான் சொல்கிறது. ஜவ்வு எலும்போடு ஒட்டி வளர்வதற்கு உடல் தன் காலத்தை எடுத்துக்கொண்டே தீரும். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் விரலுக்குக் கட்டோ, அதை அசையாமல் பிடிக்கும் அச்சோ வேண்டும், பிறகு பயிற்சி. முழுப் பலத்தோடு பிடித்து இழுக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். சிகிச்சை செய்த மருத்துவர் சொல்லும் நாள்தான் கணக்கு. அணித்தலைவர் சொல்லும் நாள் அல்ல.

இன்னொரு தவறு: விரல் மடங்கியதும் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவுவது. முழுதாக அறுந்த ஜவ்வின் முனை பக்கத்துத் தசையின் விரிந்த நாணுக்கு மேலே ஏறிக்கொண்டால், எத்தனை நாள் கட்டுப்போட்டாலும் தன் இடத்தில் போய் ஒட்டாது. சுவீடன் மருத்துவர் ஸ்டெனர் 1962லேயே இதை விளக்கிவிட்டார். கட்டைவிரலின் அடிமூட்டு தளர்ந்து, சாவியைத் திருகவோ குடத்தைத் தூக்கவோ பிடி நிற்காவிட்டால், உடனே எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் தைப்பது எளிது. நாள்பட்டால் பழைய ஜவ்வு உதவாமல் போய், முன்கையிலிருந்து தசைநாண் எடுத்து வைக்க வேண்டிவரும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் போட்டி நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட வீரர், ஆடலாம் என்ற மருத்துவரின் கடிதம் இல்லாமல் களமிறங்கக் கூடாது என்பதை நுழைவுப் படிவத்திலேயே அச்சிடுங்கள். எந்த வாரம் எதைத் தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்பதை மருத்துவமனைகளும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் பெட்டி தூக்கும் பிள்ளை தன் முதலாளியிடம் காட்டி இலகுவான வேலை கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.