அப்பாவின் கல்லோடு சர்க்கரையையும் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

செட்டியார் தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் அப்பாவைச் சிறுநீரகக் கல்லின் வலி வீழ்த்திய இரவிலிருந்து இன்றுவரை பலர் துணைநின்றிருக்கிறார்கள். நன்றி சொல்லும் பொறுப்பை அப்பாவிடம் விட்டால் கூச்சத்தில் பேச்சை மாற்றிவிடுவார். ஆகவே மூத்த மகளான நான் எழுதுகிறேன்.

முதல் நன்றி 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையினருக்கு. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் முச்சக்கர வண்டி நுழைவதே பெரும்பாடு. பிரதான வீதியில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூக்குபடுக்கையோடு நடந்தே வந்தார்கள். பதறி நின்ற அம்மாவிடம் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை. அந்த இலக்கத்தை அழைத்தவர் எதிர்வீட்டுச் சிங்கள அக்கா. நாங்கள் எலுமிச்சையும் சுடுநீரும் தேடிக்கொண்டிருந்தோம்.

வைத்தியசாலையில் ஊசி போட்டதும் வலி தணிந்தது. எக்ஸ்ரேயில் கல் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகலாமா என்று அப்பா எழும்பி உட்கார்ந்துவிட்டார். அவரைத் தடுத்தவர் இரவுப் பணியில் இருந்த இளம் வைத்தியர். சில கற்கள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை என்று சொல்லி சி.டி. ஸ்கானுக்கு எழுதிக் கொடுத்தார். அதில் கல் தெரிந்தது. சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, யூரிக் அமிலக் கல்லாக இருக்க வேண்டும் என்றார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் இந்த மடல் இவ்வளவு நீண்டிருக்காது. மறுநாள் வந்த பெரிய வைத்தியர் அளவு நாடாவை எடுத்து அப்பாவின் இடுப்பைச் சுற்றினார். "கல்லுக்கு வந்தவனுக்கு இடுப்பளவு எதற்கு? இதென்ன தையல்கடையா?" என்று அப்பா முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே இரத்த அழுத்தம் பார்த்தார்; வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரைத் தொட்டாலே கவனம் வேண்டுமாம். இந்த ஐந்தில் மூன்று பிசகினால் அது அனுசேபக் கோளாறு (மெற்றபொலிக் சின்ட்ரோம்). அப்பாவுக்கு நான்கு பிசகியிருந்தன. வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது, அதாவது சலரோகம். எத்தனை காலமாக இருந்ததோ, யாருக்கும் தெரியாது.

கல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு என்று நான் கேட்டதற்கு, வாட்டில் அத்தனை நெரிசலுக்கும் நடுவே கட்டில் விளிம்பில் அமர்ந்து அவர் விளக்கினார். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது சிறுநீரகம் அமோனியாவைக் குறைவாகவே உண்டாக்குகிறது. சிறுநீரில் வெளியேறும் அமிலத்தை ஏந்திக்கொள்வது அந்த அமோனியாதான். அது குறைந்தால் சிறுநீரின் அமிலத்தன்மை ஏறுகிறது, அமிலம் கூடக் கூட இறங்கும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே போகும்போது யூரிக் அமிலம் கரையாமல் படிந்து கல்லாகிறது. இரத்தத்தில் யூரிக் அமிலம் வழமையான அளவில் இருப்பவருக்கும் இப்படி நேரலாம். பலருக்கும் வருகிற கல்சியம் ஒக்சலேட் கற்கள்கூட உடற்பருமனும் சலரோகமும் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றனவாம். வாழ்நாள் முழுதும் அமிலத்தோடு புழங்கிய அப்பாவுக்கு என்னைவிட விரைவாகவே விளங்கிவிட்டது.

கத்தி வைக்காமல், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து கொடுத்துக் கரைக்கப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். யூரிக் அமிலக் கல்லுக்கு அந்தச் சலுகை உண்டு. சிறுநீரின் பி.எச். 6க்கும் 7க்கும் இடையில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் வேறுவகைக் கல் படியக்கூடும். பரிசோதனைத் தாளில் நிறம் பார்க்கக் கற்றுக்கொடுத்த எங்கள் தெருப் பாமசித் தம்பிக்கு நன்றி. உரைகல்லில் மாற்றுப் பார்த்துப் பழகிய கண் அப்பாவுக்கு. இப்போது அந்தத் தம்பிக்கே அவர் நிறபேதம் சொல்லிக்கொடுக்கிறார்.

உணவு ஆலோசகருக்குத் தனி நன்றி. கல் என்றதும் பாலை நிறுத்து, தக்காளியை நிறுத்து என்று உறவினர் அனைவரும் வைத்தியராகிவிட்டிருந்தார்கள். பாலைத் தேவையின்றி நிறுத்த வேண்டாம், உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒக்சலேட்டைப் பிடித்துவைக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா அமைதியானார். உப்பைக் குறைக்கச் சொன்னார். யூரிக் அமிலத்தைக் கூட்டும் நெத்தலிக் கருவாட்டுக்கும் ஈரலுக்கும் கட்டுப்பாடு. கருவாட்டுப் பிரிவு வீட்டில் சிறு துக்கம்தான். இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று 2016 முதல் அச்சிடப்படும் சர்க்கரைக் குறியை அப்பாவுக்குக் காட்டியவரும் அவரே. வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்த பெரியம்மா, உங்களுக்கும் நன்றி. அதில் இருக்கும் தண்ணீராவது உதவும் என்று வைத்தியர் சொன்னார், கோபிக்க வேண்டாம்.

கடைசி ஸ்கானில் கல் நன்றாகச் சுருங்கியிருக்கிறது. சர்க்கரை கிளினிக் தொடர்கிறது; பிள்ளைகளான எங்களையும் இரத்தம் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா படுத்திருந்த நாட்களில் பட்டறையைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கடை மாமாவுக்கும், வாங்க வேண்டிய நகைக்கு அவசரப்படுத்தாத வாடிக்கையாளருக்கும் கடன்பட்டிருக்கிறோம். உலையருகே வியர்த்துக்கொண்டு தண்ணீர் குடிக்க மறந்துபோகிறவர் அப்பா. நாளுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீராவது போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பது கட்டளை. போத்தலை நிரப்பிவைத்து, குடிக்காவிட்டால் எனக்குத் தொலைபேசியில் கோள் சொல்பவன் பட்டறையின் இளைய பையன். அப்பாவுக்கு அவன்மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது. தம்பி, நீ அதைப் பார்க்காதே, தொடர்ந்து சொல்.

இப்படிக்கு,
குடும்பத்தார் சார்பில் மூத்த மகள்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13