உன் மூன்றாம் பாடத்தைப் படித்தபின்

அன்பு மகனுக்கு,

உன் புத்தகத்தின் மூன்றாம் பாடம் வந்து சேர்ந்தது. 'சூழ்நிலை மண்டலமும் உயிரினங்களின் உறவுகளும்' என்ற தலைப்பு, அதற்கு மேலே 'படித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று இரண்டே சொல். நீ எப்படி இருக்கிறாய் என்பதற்கு ஒரு வரி இல்லை. அனுப்பிய நேரம் விடிகாலை மூன்று மணி என்று காட்டுகிறது. ஏன் இப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். அதனால் கேட்கவில்லை. தூங்கு, அவ்வளவுதான்.

சிதைப்பவர்களைப் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. நான் பாடம் நடத்திய காலம் முழுக்கப் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அத்தியாயத்தின் கடைசியில் போனால் போகிறதென்று ஒரு பத்தி கிடைக்கும். நீ அங்கிருந்தே தொடங்கியிருக்கிறாய். காட்டில் விளையும் இலை தழையில் பெரும்பகுதி எந்த விலங்கின் வாய்க்கும் போகாமல் உதிர்ந்து மக்குகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், புல், மான், புலி என்ற பழைய சங்கிலி தன் அளவுக்குச் சுருங்கிக்கொள்கிறது. ஆற்றல் ஒரு வழியாக வந்து வெப்பமாகக் கரைந்துபோகும், நைட்ரஜனும் பாஸ்பரசும் மண்ணுக்கும் உயிருக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக என்னால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நட்சத்திரமீன் வரும் இடத்தில் மட்டும் விழித்திருந்தார்.

பத்து விழுக்காட்டை மட்டும் சட்டம் போல எழுதாதே. ஒரு உணவூட்ட நிலையிலிருந்து (தாவரம், அதைத் தின்பது, அதையும் தின்பது என்ற படிகளில் ஒன்றிலிருந்து) அடுத்ததற்குப் போகும் ஆற்றல் இடத்துக்கு இடம், உயிருக்கு உயிர் மாறும். பத்து என்பது தோராயம். மீதி எங்கே போகிறது என்றும் சொல். சுவாசத்தில் செலவாகிறது, உண்ணப்படாமல் கிடக்கிறது, செரிக்காமல் வெளியேறுகிறது. மாணவன் கேட்கப்போவது அதைத்தான்.

மினசோட்டாவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து இந்தக் கணக்குக்கு வழிகாட்டிய ரேமண்ட் லிண்ட்மனைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வைத்திருக்கிறாய். 1942இல், முப்பது வயதைத் தொடும் முன்பே நோயில் இறந்தார். தன் கட்டுரை அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் உடம்பு முடியாமல் உழைத்ததை ஏதோ சாதனைபோல எழுதியிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மணிக்கு எழுதினால் அப்படித்தான் தோன்றும். தூங்கு என்று மேலே சொன்னேன்.

இனி என் குறை. உறவுகள் என்று தலைப்பிட்டுவிட்டுப் பக்கம் பக்கமாகப் போட்டியும் கொன்றுண்ணுதலும் ஒட்டுண்ணிகளும். பகிர்ந்து வாழ்தலுக்கு நான்கு வரி, அதிலும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன் ஒன்றுதான். போட்டியை எழுதும்போது உன் கை தங்குதடையின்றி ஓடுகிறது. எங்கே கற்றாய் இவ்வளவு சரளத்தை என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

காஸ் 1934இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லியிருக்கிறாய். ஒரே செல்லால் ஆன நீர்வாழ் உயிரான பாரமீசியத்தில் இரண்டு வகைகளை ஒரே உணவோடு ஒரே குழாயில் விட்டார். அவுரேலியா பெருகியது, காடேட்டம் அழிந்தது. அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டாய். அதே காஸ் அதே காடேட்டத்தைப் பர்சேரியா என்ற இன்னொரு வகையோடும் வளர்த்தாரே, அதை ஏன் விட்டாய்? அந்தக் குழாயில் இரண்டும் பிழைத்தன. ஒன்று மேலே மிதக்கும் பாக்டீரியாவைத் தின்றது, மற்றொன்று அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது. தனித்தனியாக வளர்ந்திருந்தால் எட்டியிருக்கும் எண்ணிக்கையை இரண்டுமே எட்டவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் இரண்டும் இருந்தன. பாதிக் கதையைச் சொல்லி மாணவர்களை அனுப்பினால், ஒரே இடத்தில் இருவர் இருக்கவே முடியாது என்று முடிவுகட்டிக்கொண்டு போவார்கள்.

ஸ்காட்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஓடுள்ள சிறு உயிர்களான கொட்டலசுகளை வைத்து ஜோசப் கானல் செய்த சோதனையும் (1961) அப்படித்தான். கீழ்ப்பகுதியில் பெரிய வகை சிறியதை நெருக்கித் தள்ளுகிறது என்பதோடு நிறுத்தியிருக்கிறாய். மேல்பகுதியில் அந்தப் பெரிய வகையால் நீரின்றி வறண்டு கிடக்கும் நேரத்தைத் தாங்க முடியாது, அங்கே சிறியது நிம்மதியாக இருக்கிறது என்பதையும் சேர். தோற்பது எது என்பதை இடமும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

எனக்கு மிகவும் வேண்டியது இதற்கடுத்த செய்தி. அது உன் பாடத்தில் இல்லவே இல்லை. 1994இல் பெர்ட்னஸ், காலவே என்ற இருவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: சூழல் கடுமையாகும்போது தாவரங்களுக்கிடையே போட்டி தணிந்து உதவி மேலோங்கும். 2002இல் வெளிவந்த ஆய்வில் பல மலைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு செடியைச் சுற்றியுள்ள அண்டைச் செடிகளை அகற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். மலையின் கீழ்ப்பகுதியில், குளிரும் காற்றும் அவ்வளவு வாட்டாத இடங்களில், தனியாக விடப்பட்ட செடி செழித்தது. உச்சிப்பக்கத்தில் அண்டை இல்லாத செடி நலிந்தது. குளிர்காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது பக்கத்துச் செடிதான். வசதி இருக்கும்வரை அது பாரமாகத்தான் தெரியும், தம்பி. இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கு. வேண்டுமானால் ஒட்டுண்ணிகளைக் குறைத்துக்கொள்.

உதவி என்றவுடன் நான் இளகிப்போய் எழுதுகிறேன் என்று நினைப்பாய். வேர்ப்பூஞ்சையை எடுத்துக்கொள். நிலத் தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேரில் அது இருக்கிறது. பாஸ்பரசைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறது, பதிலுக்குத் தாவரம் தயாரித்த சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. மண்ணில் பாஸ்பரஸ் தாராளமாக இருந்தால் தாவரத்துக்கு இந்தக் கூட்டு நட்டமாகவும் ஆகலாம். ஆகவே பகிர்ந்து வாழ்தலுக்கும் ஒட்டுண்ணி வாழ்க்கைக்கும் நடுவே நீ அட்டவணையில் போட்டிருக்கும் கோடு அவ்வளவு கெட்டியானது அல்ல. அதே இரண்டு உயிர்கள் ஒரு பருவத்தில் இப்படியும் இன்னொரு பருவத்தில் அப்படியும் இருக்கும். அட்டவணையை எடுத்துவிடு என்று சொல்லமாட்டேன், தேர்வுக்கு வேண்டும். அதன் கீழே இதை ஒரு வரியாவது எழுது.

ராபர்ட் பெய்ன் பாறைகளிலிருந்து நட்சத்திரமீன்களை அகற்றியதும் மட்டிகள் பரவி மற்ற உயிர்களுக்கு இடமில்லாமல் செய்த கதை நன்றாக வந்திருக்கிறது. அதில் கைவைக்காதே.

அக்கா சனிக்கிழமை வந்திருந்தாள். பாடத்தின் பிரதி மேசைமேல் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்தாள். யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஐந்தாறு இடங்களில் ஒற்றுப்பிழை திருத்தியிருக்கிறாள். உணவூட்ட நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும் பிரமிடு படத்தின் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள். ஆங்கிலக் கால்வாயில் சதுர மீட்டருக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மிதவைத் தாவரங்கள் 4 கிராம், அவற்றை நம்பி வாழும் விலங்குகள் 21 கிராம் என்று நீயே எண் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் ஆற்றல் பிரமிடு ஒருபோதும் தலைகீழாகாது என்கிறாய். 'இந்த 4 என்பது கையிருப்பா, ஆண்டு வரவா? இரண்டையும் ஒரே படத்தில் எப்படி வரையலாம்?' என்று ஓரத்தில் கேட்டிருக்கிறாள். இத்தனை ஆண்டுகள் கணக்கு எழுதுகிறவள், கண்ணில் படாமல் இருக்குமா? மிதவைத் தாவரங்கள் ஓரிரு நாட்களிலேயே பெருகிவிடும், உடனே தின்றும் தீர்க்கப்படும், அதனால் எப்போது அள்ளி நிறுத்துப் பார்த்தாலும் கொஞ்சம்தான் தெரியும், ஆண்டு முழுக்க விளைந்ததைக் கூட்டினால்தான் அடித்தட்டின் அகலம் புரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. புத்தகம் என்னுடையதா?

மார்ச் மாதத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், எழுதவும் இல்லை.

கண் பரிசோதனைக்குப் போனாயா? போன முறையும் கேட்டேன். இரவில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்னத்துக்கு ஆகும்? பத்து மணிக்கு மேல் விளக்கு எரியக்கூடாது.

திருத்திய பக்கங்களைத் தபாலில் அனுப்புகிறேன். பச்சை மையில் இருப்பதெல்லாம் என்னுடையது. அவற்றுக்கு மறுப்பு இருந்தால் எனக்கு எழுது. பென்சிலில் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை. அந்தக் கேள்விக்கு உன் பதிலைக் கேட்டவளுக்கே அனுப்பிவிடு.

அம்மா