பணம் வருகிறது, ஆள் போய்விடுகிறார்

அன்புள்ள மாலதி,

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவளுக்குக் கல்லூரி திறந்துவிட்டது, அவருக்கு முதுகுவலி, வழக்கமான செய்திதான். குண்டூசியின் மகள் கல்யாணத்துக்கு வர முடியாதென்று அவளிடம் நானே சொல்லிவிட்டேன். நீ இடையில் புகுந்து வத்தி வைக்காதே.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. எங்கள் துறையில் சிறுநீரக நோயை ஆராய்கிற பெண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தேனே, அவள் போகிறாள். ஒரு பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டிருக்கிறது. சம்பளம் அதிகம், அதை விடு. இங்கே பருவத்துக்கு நான்கு பாடம் எடுக்கிறாள், அங்கே ஒன்றுதான். மிச்ச நேரமெல்லாம் ஆய்வுக்கு. போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

போன கடிதத்தில் கேட்டிருந்தாய், அமெரிக்காவில் அத்தனை பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்க, கறுப்பின மக்களின் நோயை ஆராய, சிறுபான்மையினர் படிக்கிற எங்களைப் போன்ற சின்னப் பல்கலைக்கழகங்களுக்கு எதற்குத் தனிப் பணம் என்று. கேன்டீன் பாக்கிக்கே வட்டி போட்டவள் நீ, ஆடிட்டர் வேறு, கேட்காமல் இருப்பாயா! அன்றைக்குப் பதில் எழுத வரவில்லை. இப்போது இந்தப் பெண் வழியாகவே சொல்கிறேன், கேள்.

இங்கே சிறுநீரகம் செயலிழப்பது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிட 2009-இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைச் சுமார் 16 சதவீதம் கூட்டிவிடும். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தாலும் வெள்ளையருக்கு 20 காட்டுவது இவர்களுக்கு 23 காட்டும். மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் காத்திருப்பு நாட்கள் எண்ணப்படுவது அந்த எண் 20-க்கு இறங்கினால், அல்லது டயாலிசிஸ் தொடங்கினால்தான். அந்த மூன்று எண் வித்தியாசத்தில் எத்தனை பேர் வரிசையில் பின்னால் நின்றிருப்பார்கள், யோசித்துப் பார். 2021-இல்தான் இனத்தைக் கணக்கில் சேர்க்காத சூத்திரம் வந்தது. 2023-இலிருந்து, அப்படி இழந்த நாட்களைத் திருப்பிச் சேர்க்கச் சொல்லி மருத்துவமனைகளுக்கு விதியும் வந்தது. மாலதி, சூத்திரம் எல்லோர் கண்ணெதிரேயும்தான் இருந்தது. அதில் தப்பிருக்கிறதென்று உறைக்க, அந்த வரிசையில் சொந்தக்காரர்கள் நிற்கிற நாலு பேர் ஆய்வறைக்குள் வேண்டாமா?

அந்த நாலு பேர் உருவாகிற இடங்களைத்தான் முன்பே மூடிவிட்டார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை எடைபோட்ட ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை 1910-இல் வந்தபோது கறுப்பினத்தவருக்கான மருத்துவக் கல்லூரிகள் ஏழு. கடைசியில் தங்கியவை ஹோவர்டும் மெஹாரியும் மட்டும். 1985-இல் சுகாதாரச் செயலராக இருந்த மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 60,000 பேர் கூடுதலாகச் சாகிறார்கள் என்றது. சிறுபான்மையினர் படிக்கும் கல்வி நிறுவனங்களில் ஆய்வு மையங்கள் அமைக்கிற திட்டத்தை அமெரிக்கப் பாராளுமன்றம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். எங்கள் பணம் அந்த வழியில் வருவதுதான்.

ஆய்வு வசதி என்றதும் எல்லோருக்கும் கட்டடமும் இயந்திரமும்தான் ஞாபகம் வருகிறது. இயந்திரம் வாங்குவது சுலபம். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள், மானியக் கணக்கை ஒழுங்காக வைக்கிற குமாஸ்தா, என்னைப் போல் ஒரு புள்ளியியல்காரி, எல்லாவற்றுக்கும் மேலாக ஆராய்ச்சியாளருக்குப் பாடச்சுமை குறைந்து கிடைக்கிற நேரம், இவைதான் வசதி. இவை முன்பே இருக்கிற இடத்துக்குத்தான் அடுத்த மானியமும் போகிறது. 2011-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வைப் பார். படிப்பு, பயிற்சி, வெளியீடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், தேசிய சுகாதார நிறுவனத்தின் மானியம் கிடைக்கும் வாய்ப்பு கறுப்பின விண்ணப்பதாரருக்கு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவு. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் நம்பிக்கை. அலபாமா மாநிலத்து டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை, பெனிசிலின் வந்த பிறகும் மருந்து தராமல், சிஃபிலிஸ் என்கிற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களை அரசாங்க ஆய்வு என்ற பெயரில் வேடிக்கை பார்த்தார்களே, அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகளிடம் யார் போய் ரத்தம் கேட்பது? மிசிசிப்பியில், கறுப்பின மக்களின் இதய நோயை ஆராய்கிற ஜாக்சன் இதய ஆய்வுக்கு 5,306 பேர் வந்தார்கள். அதில் கறுப்பின மாணவர்களுக்கென்றே தொடங்கிய ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் டூகலூ கல்லூரியும் ஆரம்பத்திலிருந்தே பங்காளிகள். ஊருக்குத் தெரிந்த வாசல் வழியாகக் கேட்டால் வருகிறார்கள். எங்கள் பெண்ணும் ஞாயிறு தவறாமல் தேவாலயங்களுக்குப் போய்ப் பேசிப் பேசித்தான் ஆள் சேர்த்தாள். அவள் போனால் அந்த உறவும் கூடவே போய்விடுமோ என்பதுதான் என் கவலை. பாடம் நடத்த வேறொருவர் கிடைப்பார். இதற்குக் கிடைப்பாரா?

டீனிடம் சண்டையே போட்டேன். மானியம் ஐந்து ஆண்டில் முடியும். அதில் கிடைக்கிற பாடச்சுமைக் குறைப்பும் கூடவே முடிந்தால் ஆறாம் ஆண்டு அடுத்தவரும் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு பல்கலைக்கழகமே தன் பணத்தில் அதைத் தொடரும் என்று அடுத்த விண்ணப்பத்தில் எழுத்தில் தரச் சொன்னேன். பணத்துக்கு எங்கே போவதென்று கேட்கிறார். கணக்கைக் காட்டு, பார்க்கிறேன் என்கிறார்.

அதனால் இப்போது நீ வேண்டும். வரவு செலவு அட்டவணையைத் தனியாக அனுப்புகிறேன். எந்தச் செலவைக் குறைத்தால் இரண்டு பேரின் பாட நேரத்துக்கு வழி பிறக்கும் என்று பார்த்துச் சொல்லுடி. வட்டி போடுகிற அதே கண்ணோடு பார். விண்ணப்பம் மாதக் கடைசியில் போகிறது, அதற்கு முன் வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
வசந்தி