வென்ற கடிதமும் தோற்ற கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான்கு நாட்கள் அரசியலை அறவே மறந்து உங்களோடு திறந்தவெளியில் இருக்க விரும்புகிறேன் என்ற பொருளில், அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1903 மார்ச்சில் இயற்கை ஆர்வலர் ஜான் மியூருக்கு எழுதினார். அவ்வாண்டு மே மாதம் இருவரும் யோசெமிட்டி பள்ளத்தாக்குப் பகுதியில் முகாமிட்டதும், கலிபோர்னியா மாநிலத்தின் பொறுப்பிலிருந்த அப்பள்ளத்தாக்கு 1906இல் தேசியப் பூங்காவோடு இணைந்ததும் பலரும் அறிந்தவையே. ஆனால், அதே பூங்காவின் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்க வேண்டாமென 1908இல் மியூர் அதே அதிபருக்கு எழுதி மன்றாடியதும், 1913இல் அணைக்குச் சட்டப்படி அனுமதி கிடைத்ததும் ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. ரூஸ்வெல்ட்டின் ஆவணங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும், மியூரின் கடிதங்களைக் கலிபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகமும் இணையத்தில் இலவசமாகவே வைத்துள்ளன. வென்ற கடிதத்தை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரையாளர்கள், தோற்ற கடிதத்தையும் ஒருமுறை திறந்து படித்துவிட்டு எழுதுவது நல்லது.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்