ஐந்து ரூபாய்த் தபால்தலைக்குள் ஒரு வருடம்: நம் கைவினை வாழ்த்து அட்டைக் குழுவின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் அம்மா, பொருளாளர், உறுப்பினர்கள், இன்று முதல் தடவையாக வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை நம் குழு என்ன செய்தது என்பதைச் சொல்லும் அறிக்கை இது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரையே பார்க்கவும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம். மாதம் ஒரு தலைப்பு வைத்து, அந்தத் தலைப்புக்குள் அடங்குகிற மாதிரி வாழ்த்து அட்டையைக் கையால் செய்வதுதான் நம் வேலை. தலைப்பு ஒரு நிறமாக இருக்கும், ஒரு பண்டிகையாக இருக்கும், பட்டனும் ரிப்பனும் கட்டாயம் வர வேண்டும் என்று பொருளாகக்கூட இருக்கும். சில மாதம் வெறும் ஸ்கெட்ச் மட்டும் கொடுப்போம்: பென்சிலில் இரண்டு கட்டம், ஒரு வட்டம், வாழ்த்து எழுத ஒரு பட்டை, அவ்வளவுதான், அதை நேராகவோ பக்கவாட்டிலோ தலைகீழாகவோ வைத்துக்கொண்டு அவரவர் அட்டையைச் செய்ய வேண்டும். வந்தவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுப்போம். அந்த மூவரில் ஒருவர் அடுத்த மாதத் தலைப்புக்கு மாதிரி அட்டை செய்து காட்டுவார். பரிசு என்றால் அதுதான் பரிசு.

சரி, இந்த வருடத்தின் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். போன பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். போட்டிக்கு வரும் அட்டையின் உள்ளே யாராவது ஒருவர் பெயரும் கையால் எழுதிய வாழ்த்தும் இருக்க வேண்டும், உறையில் முகவரி இருக்க வேண்டும், ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டியிருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் எல்லோருமாக நடந்து போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அட்டை கிடைத்தவர் அனுப்பும் போட்டோவுக்கும் மதிப்பெண் உண்டு. அதற்கு முந்தைய வருடங்களில் எவ்வளவு அழகாகச் செய்தோம், ஆனால் செய்ததையெல்லாம் நமக்குள்ளேயே காட்டி, பாராட்டு வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினோம். வாழ்த்து என்று எழுதிய ஒன்று யாருக்கும் போய்ச் சேராமல் கிடப்பது எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

விதியைப் போட்டுவிட்டோமே தவிர, அது நம் கைவேலையையே மாற்றிவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் சார் முதல் கூட்டத்திலேயே கையில் ஒரு சின்னத் தராசோடு வந்தார். சாதாரணத் தபாலில் ஐந்து ரூபாய்க்கு 20 கிராம் வரைதான். ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 தாள் அடங்கும், ஆகவே 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில் ஒரு ஏ4 தாளின் எடை 18.75 கிராம். அதை ஒரு தடவை மடித்து நாம் வழக்கமாகச் செய்கிற பெரிய அட்டை, மேலே ஒரு பூக்கூட ஒட்டாமல், உறைக்குள் போட்டவுடனேயே 20 கிராமைத் தாண்டிவிடும். தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் ஒன்பதரை கிராமுக்குள் வரும், சின்ன உறைக்கு மூன்று மூன்றரை போனால், அலங்காரத்துக்கு மிஞ்சுவது ஏழு கிராம் சொச்சம். அந்த ஏழு கிராமுக்குள்தான் இந்த வருடம் முழுக்க நாம் வாழ்ந்தோம்!

எடைக்கு அடுத்தது தடிமன். ஃபோம் டேப் போட்டுத் தூக்கி ஒட்டிய பூவும் முத்தும் தபாலில் என்ன ஆகும் என்பது மே மாதப் போட்டோக்களிலேயே தெரிந்துவிட்டது. குவில்லிங், அதாவது காகிதப் பட்டைகளைச் சுருட்டிப் பூ செய்யும் வேலை, செய்பவர்களுக்குத்தான் அடி அதிகம், 5 மில்லிமீட்டர் பட்டையில் சுருட்டிய இதழ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நசுங்கிப் போயிருந்தன. அப்புறம் 3 மில்லிமீட்டர் பட்டைக்கு மாறினார்கள், சுருளைச் சுற்றி அதே உயரத்துக்கு அட்டையில் ஒரு சட்டம் கட்டினார்கள், அழுத்தம் சட்டத்தின் மேல் விழ உள்ளே பூ பிழைத்தது. இன்னொரு யோசனையும் சார் சொன்னதுதான்: தபால்தலை ஒட்டுவது வலது மேல் மூலை, முத்திரை ஓங்கி விழுவதும் அங்கேதான், அதனால் தடிமனான அலங்காரம் எதுவானாலும் இடது கீழ்ப் பக்கம் வருகிற மாதிரி அட்டையை உறைக்குள் வையுங்கள் என்றார். அதற்குப் பிறகு நம் அட்டைகளின் அமைப்பே கொஞ்சம் கொஞ்சமாக இடது கீழ் மூலைக்கு இறங்கிவிட்டது. அது எனக்குப் பிடித்துமிருக்கிறது, மேலே காலி இடம் விட்டால் அட்டைக்கு ஒரு மூச்சு கிடைக்கிறது.

காகிதம் வாங்க ஜூனில் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிப் பாரிமுனை போனோம். ஆண்டர்சன் தெருவையும் பந்தர் தெருவையும் பார்க்காதவர்கள் அடுத்த தடவை கட்டாயம் வாருங்கள், கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் வரிசையாக, தாளைத் தொட்டுத் தடவிப் பார்த்து வாங்கலாம். ஒரு தாளை வாங்குவதற்கு முன் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எப்படி வளைத்தால் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் வாக்கில்தான் அதன் நார் ஓடுகிறது. மடிப்பு அந்த வாக்கில் வர வேண்டும், குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து உள் வெள்ளை தெரியும். மடிப்புக் கோடு போடத் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் ஸ்கேலும் போதும்.

மாதத் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பொறுமையைச் சோதிக்க வேண்டாம், மனதில் நின்றதை மட்டும் சொல்கிறேன்.

மே மாதத் தலைப்பு 'அடுப்படி நிறங்கள்'. கடையில் வாங்கிய எந்த மையும் கூடாது. மஞ்சள், பீட்ரூட், செம்பருத்தி, காபி டிகாஷன் என்று ஆளாளுக்குக் கிண்ணத்தோடு வந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தடவிக் காய்ந்த தாளின் மேல் சுண்ணாம்புத் தண்ணீரில் தூரிகையைத் தோய்த்துக் கோடு இழுத்தால், கோடு போன இடமெல்லாம் குங்குமச் சிவப்பாக மாறும். அதைப் பார்த்ததும் கூட வந்திருந்த குழந்தைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆனால் மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, ஜன்னல் ஓரம் வைத்த அட்டை சீக்கிரமே வெளுத்துவிடுகிறது. பீட்ரூட் பழுப்பேறிவிடுகிறது. நிலைத்தது டிகாஷன்தான், சர்க்கரை போடாத டிகாஷன் என்று அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், எறும்பு வரும். நனைந்த தாளைப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துக் காயவிடவும், இல்லாவிட்டால் அப்பளமாக நெளியும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, பரண் ஒழிக்க நல்ல மாதம், அதனால் 'பழைய கல்யாணப் பத்திரிகை' என்று தலைப்பு வைத்தோம். நம் எல்லோர் வீட்டிலும் கட்டுக் கட்டாக இருக்கிறது, நல்ல கனமான அட்டை, பொன் நிற அச்சு, தூக்கிப் போட மனசு வராது. ஆனால் கத்தரியை எடுத்தவுடன் எல்லோருக்கும் ஒரே தயக்கம்: முகப்பில் இருக்கும் பிள்ளையாரை எப்படி வெட்டுவது? சிலர் உறையையும் உள்தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எதிர்த் தெரு அக்கா மட்டும் பிள்ளையாரை முழுசாக அப்படியே விட்டு, சுற்றிலும் வேறு நான்கு பத்திரிகைகளின் ஓரப் பூவேலையை நறுக்கிச் சட்டமாக ஒட்டி, புதிதாகக் கடை திறக்கும் தம்பிக்கு வாழ்த்தாக அனுப்பினார். ஒரு மூலையில் யாரோ என்றைக்கோ தடவிய மஞ்சள் கறை இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. அந்த மாதம் மூவர் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். தொழில்நுட்பமாக ஒன்று: லேமினேட் செய்த பத்திரிகையின் மேல் வெள்ளைப் பசை ஒட்டாது, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டவும், அல்லது இருபக்க டேப் போடவும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை உலக வாழ்த்து அட்டை செய்யும் நாள். அமெரிக்காவில் ஒரு கைவினைப் பத்திரிகை 2006இல் தொடங்கி வைத்தது, இப்போது உலகம் முழுக்க அட்டை செய்பவர்கள் அன்றைக்குச் சேர்ந்து உட்கார்ந்து செய்கிறார்கள். நாமும் கொலு பொம்மைகளைக் கட்டி வைத்த கையோடு கூடினோம். கல்லூரியில் படிக்கும் நம் இளைய உறுப்பினர் அன்று பேசியது எல்லோருக்கும் பிடித்தது. இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்ததற்கு உழைத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். தபால் மலிந்ததும் கடிதங்கள் குவிந்தன, எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரமில்லாமல் 1843இல் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் சொல்லி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை வரையவைத்து அச்சிட்டார், விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். விலை ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. அட்டையின் விலை தபால்தலையைப் போலப் பன்னிரண்டு மடங்கு! தபாலுக்காகவே பிறந்த பொருள் இது என்று அந்தப் பெண் சொன்னபோது நம் தீர்மானத்துக்கு இதைவிட நல்ல ஆதரவு வேறு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் புள்ளிக் கோலத்தை நூலால் தைத்தோம். 120 ஜிஎஸ்எம் தாள் கிழிந்துவிடும், 220க்குக் குறையாமல் எடுக்கவும், ஊசித் துளைகளை முதலிலேயே பழைய பாயின் மேல் வைத்துக் குத்திக்கொள்ளவும். நட்சத்திரக் கோலங்கள் நேர்கோடு என்பதால் சுலபமாக வந்தன. சிக்குக் கோலத்தின் வளைவுக்குத் தையலை 3 மில்லிமீட்டருக்குச் சுருக்க வேண்டியிருந்தது, பொறுமை உள்ளவர்கள் செய்து முடித்தார்கள்.

ஜனவரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொங்கல் வாழ்த்து அனுப்பிய பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். பண்டிகைக்கு முன்பே கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள், எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல் ஒரு பக்கம், கரும்பும் பானையும் மாட்டுவண்டியும் இன்னொரு பக்கம். உறையை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி, குறைந்த கட்டணத்தில் போக மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிப் போடுவோம். அதை மறுபடி தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. தலைப்புக்கு ஒரே நிபந்தனைதான்: பானை, கரும்பு, மாடு மூன்றும் படத்தில் வரக்கூடாது. கேட்டதும் சிலர் முகம் சுளித்தார்கள், அந்த மூன்றும் இல்லாமல் பொங்கலா என்று. ஆனால் வந்த அட்டைகளைப் பார்க்க வேண்டுமே! மஞ்சள் கொத்தின் பச்சை இலை மட்டும், கோலமாவு டப்பா மட்டும், பழைய துணி மூட்டை கட்டி வைத்த போகி முந்தின நாள். தேர்வான ஒன்றில் இருந்தது பால் நுரை மட்டுமே. பருத்தித் துணிக் கழிவில் செய்த வெள்ளைக் கைக்காகிதம், அதில் ஈரத் தூரிகையால் வளைகோடு போட்டு, கோடு ஊறியதும் மெதுவாக இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் நார் நாராக வரும். அப்படிக் கிழித்த பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். அடுப்பு இல்லை, பானை இல்லை, விளிம்பைத் தாண்டி வழிகிற வெள்ளை மட்டும், மொத்த எடையும் 20 கிராமுக்குள்.

தலைப்பு இறுக்கமாக இருந்தால்தான் நல்ல அட்டை வருகிறது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். 'எது வேண்டுமானாலும்' என்று வைத்த நவம்பரில் அட்டைகள் நிறைய வந்தன, ஆனால் மனதில் நிற்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை, எல்லோரும் ஏற்கெனவே தெரிந்ததையே செய்துவிட்டார்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். சில அட்டைகள் போய்ச் சேரவே இல்லை. பின்கோடு இல்லாத உறைகளும் அவற்றில் உண்டு, முகவரியைப் பழைய டைரியில் இருந்து எடுத்தவர்கள் ஒரு தடவை போன் செய்து சரிபார்க்கவும். பத்திரமாகப் போக வேண்டும் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பலாமே என்று கேட்டவர்களுக்கு, அது 2025இல் ஸ்பீட் போஸ்டுடன் இணைந்துவிட்டது, செலவு நம் ஐந்து ரூபாய்க்குள் நிற்காது.

பெரிய மனக்குறை பாப்-அப் அட்டை செய்யும் நம் மூத்த உறுப்பினர் அம்மாவுடையது. திறந்தால் எழுந்து நிற்கும் கோபுரமும் தேரும் செய்கிறவர் அவர், இந்தச் சின்ன அட்டையும் ஏழு கிராமும் அவர் கையைக் கட்டிப்போட்டுவிட்டன. "விதி நல்ல விதிதான்மா, ஆனா என் தேரு எங்க ஓடும்?" என்று பிப்ரவரிக் கூட்டத்தில் கேட்டார். அவர் கேட்டது நியாயம். தபாலில் போகிற அட்டை மட்டும்தான் அட்டை என்று ஆகிவிடக் கூடாது.

ஆகவே வரும் வருடத்துக்கு மூன்று தீர்மானங்களைச் செயற்குழு சார்பில் முன்வைக்கிறேன். தபால் விதி அப்படியே தொடரட்டும். ஆனால் வருடத்தில் இரண்டு மாதங்கள் 'நேரில் கொடுக்கும் அட்டை' என்று இருக்கட்டும், அளவும் எடையும் கட்டுப்பாடில்லை, யாருக்கோ அவர் வீட்டுக்கே போய்க் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும், முதல் தலைப்பை அந்த அம்மாவே வைக்கட்டும். மூன்றாவது, பொங்கல் அட்டைகளை டிசம்பர் கடைசியிலேயே முடிப்பது, இந்த வருடம் பல அட்டைகள் காணும் பொங்கலும் கழிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தன.

ஹீட் கன் இப்போது பொருளாளர் வீட்டில் இருக்கிறது, வேண்டுபவர்கள் சொல்லிவிட்டு எடுத்துப் போகலாம், சூட்டில் உருகிப் புடைத்து நிற்கும் எம்பாசிங் பொடிக்கு முடி உலர்த்தும் டிரையர் சரிப்படாது, சூடு பற்றாமல் பொடியைத்தான் ஊதிவிடும். ஏப்ரல் தலைப்பு ஸ்கெட்ச், தாள் வாசலில் மேஜை மேல் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானங்களை முன்மொழிபவர்களும் வழிமொழிபவர்களும் இப்போது கை தூக்கலாம்.

செயலாளர்